மூச்சு வாங்குது

அத்தியாயம் 9

பால் பாக்கெட்டுகளுடன் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றார் பிச்சமுத்து. மேலே இன்னும் பாதிப் படிகள் இருந்தன.

"வேனிலு," என்று கூப்பிட்டார். "மூச்சு வாங்குதும்மா."

இளவேனில் மொட்டை மாடிக் கொடியில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, தில்லை நகர் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா வாங்கட்டும்ப்பா. வாங்கிட்டு மெதுவா விடுங்க."

"சரிங்க டீச்சர்," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு, மீதிப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தார்.

அந்தச் சற்று நேரத்தை அவள் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் இப்போதெல்லாம் மூச்சைப் பற்றித்தான் பேச்சு. குணசீலம் பக்கம் அந்தச் சம்பவம் நடந்ததிலிருந்து அப்படி ஆகிவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் முசிறிக்கும் தனியார் பஸ் ஓட்டுகிறவர் பிச்சமுத்து. அத்தனை வருஷ அனுபவத்தில் முதல் தடவையாக, போன மாதம் ஒரு சாயங்கால ட்ரிப்பில் அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வேப்ப மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. நாய் குறுக்கே வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தார்.

ஓனர் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். இன்னொரு தடவை வழியில் வண்டி நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் இப்போது ஓனரின் போனிலேயே தெரிந்துவிடுகிறது.

கண் மூடிய விஷயம் வீட்டில் இருந்த மூவருக்கு மட்டும் தெரியும்: பிச்சமுத்து, மனைவி மாரியாயி, மகள் இளவேனில்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இளவேனில் திருவானைக்காவலில் மாலை யோகா வகுப்பில் சேர்ந்திருந்தாள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பெண் அவள். கேஸ் வால்வை மூடிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள், தெருவில் இறங்கியபின் இன்னொரு தடவை ஏறி வந்து பார்ப்பாள். அந்தப் பதற்றம் குறையட்டும் என்றுதான் வகுப்புக்கே போனாள். அங்கே கபாலபாதி கற்றுக்கொடுத்தார்கள். மூக்கு வழியாக மூச்சை விசையோடு வெளியே தள்ளுகிற பயிற்சி. தூக்கக் கலக்கத்துக்கு இதைப் போல ஒன்று கிடையாது என்று பக்கத்துப் பாயில் இருந்தவர் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

அன்று ராத்திரியே அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதை மட்டும் அவள் சரிபார்க்கவில்லை. மறுநாளே அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்தபின் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

"புஸ், புஸ், புஸ்" என்று ஹாலிலிருந்து சத்தம் கேட்டது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு பிச்சமுத்து ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்டி, குக்கர்கூட மூணு விசிலோட நிறுத்திக்குது," என்றாள் மாரியாயி. "உங்கப்பா நிறுத்த மாட்டேங்கறாரு."

"தூக்கம் ஓடிப் போவுது மாரி. உனக்கென்ன தெரியும்?" என்றார் பிச்சமுத்து. "விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருது. உதடு மரத்துப் போவுது. தலை பஞ்சாட்டம் ஆயிடுது."

"எனக்கும் அப்படித்தான்ப்பா ஆவுது," என்றாள் இளவேனில், தலை வாரிக்கொண்டே. "வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"கேட்டியா? வகுப்புக்குப் போற புள்ள சொல்றா."

 இளவேனில் செருப்பை மாட்டும்போது மாரியாயி வாசல் வரை வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வாங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கோ. எனக்கு மனசு சரியில்ல."

"சாயந்தரம் பேசிக்கலாம்மா. பஸ்ஸு போயிடும்."

---

வகுப்பு நடப்பது கோயில் மதிலுக்குப் பின்தெருவில், ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில். நடத்துகிறவள் ஹஃப்ஸா. பகலில் பிசியோதெரபிஸ்ட், சாயங்காலம் தோளில் துப்பட்டாவைக் குத்திக்கொண்டு, வெறுங்காலோடு பாய்களுக்கு நடுவே நடப்பாள். குரல் உயராது. யாராவது தப்பாக உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவர்களே நிமிர்ந்துவிடுவார்கள்.

இளவேனில் எப்போதும் கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே. முதல் இரண்டு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்கள் எழுப்புகிற சத்தத்தைக் கேட்டு அதைப் போலவே தானும் எழுப்பினாள். மற்றவர்களைவிட அவளுடைய சத்தம் பலமாகவே வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இன்று ஹஃப்ஸா வந்ததும் மின்விசிறியை நிறுத்தினாள்.

"இன்னைக்கு யாரும் கண்ணை மூட வேணாம். வலது கையை அடிவயித்துல வைங்க. மூச்சை வெளிய தள்ளுங்க. கை எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க."

"மேடம், என் வயிறு உள்ளயும் போகாது, வெளியவும் வராது," என்றார் முதல் வரிசையில் இருந்த பீமராவ். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் சிரிப்பு மூட்டுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். "அது டெபாசிட் மாதிரி. போட்டது போட்டபடி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹஃப்ஸாவும் சிரித்துவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். இளவேனிலின் பாய் அருகே நின்றாள்.

"இன்னொரு தடவை செய்யுங்க."

இளவேனில் செய்தாள்.

"தோள் ஏன் குதிக்குது?"

"குதிக்குதா மேடம்?"

"கையைப் பாருங்க. விடுறப்போ உங்க வயிறு வெளிய தள்ளுது. உள்ள ஒட்டணும். தலைகீழா செய்யறீங்க."

இளவேனில் தன் கையைப் பார்த்தாள். வெளியே வந்துகொண்டிருந்தது. "ரெண்டு வாரமாவா மேடம்?"

"பின்னாடி உக்காந்ததால நான் கவனிக்கல. என் தப்புதான்." ஹஃப்ஸா எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இதுல வேலை ஒண்ணே ஒண்ணுதான். விடுறது. அடிவயித்தை வெடுக்குனு உள்ள இழுங்க, மூச்சு தானா வெளிய போகும். அப்புறம் வயித்தை விட்டுடுங்க. வாங்குறதை நீங்க செய்ய வேணாம், அது தானா நடக்கும். முகம், தோள், மார்பு எதுவும் அசையக் கூடாது. வேகம் வேணாம். புதுசா கத்துக்கறவங்க மெதுவா கொஞ்சம் செஞ்சிட்டு நிறுத்தி, சாதாரணமா மூச்சு விட்டு உக்காரணும். சாப்பிட்ட வயித்தோட செய்யவே கூடாது."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்த அப்பா இளவேனிலின் கண்முன் வந்தார்.

"மேடம், விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா?"

"உங்களுக்கு அப்படி இருக்கா?"

"இருந்துச்சு. உதடு மரத்துப் போகும். தலை லேசாகும்."

"உடனே நிறுத்திடணும். வேகமா, ரொம்ப நேரம் ஊதித் தள்ளினா அப்படி ஆகும். அதுக்கும் மேல போனா கண்ணு இருட்டும். விழுந்துடுவீங்க."

"அப்போ அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லையா?"

"யார் சொன்னாங்க அப்படி?"

இளவேனில் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். 

இரண்டாம் வரிசையில் வைஷ்ணவி என்ற பெண் கையைத் தூக்கினாள். "மேடம், எங்க மாமியாரும் வரணும்னு ஆசைப்படறாங்க. ஆனா அவங்களுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. சேரலாமா?"

"மூச்சு வாங்கினா நல்லதுதானேம்மா," என்றார் பீமராவ். "நாம மாசாமாசம் ஃபீஸ் கட்டி வாங்கறோம், அவங்களுக்கு ஓசியிலேயே கிடைக்குது."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை ஹஃப்ஸா சிரிக்கவில்லை.

"அது வேற வாங்குறது சார்," என்றாள். "வகுப்புல நாம வாங்குறதுன்னு சொன்னா உள்ள இழுக்கறது. வீட்டுல ஒருத்தர் மூச்சு வாங்குதுன்னு சொன்னா, மூச்சு போதலன்னு சொல்றாங்க. அவங்களை முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க வைஷ்ணவி. நெஞ்சைப் பாக்கணும், பிரஷர் பாக்கணும். பிரஷர் இருக்கறவங்க, இதயத்துல கோளாறு இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, புதுசா ஆபரேஷன் பண்ணினவங்க யாரும் இதைத் தொடவே கூடாது."

இளவேனிலுக்கு அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

வேனிலு, மூச்சு வாங்குதும்மா.

நல்லா வாங்கட்டும்ப்பா.

இன்று காலை மட்டுமா? நேற்றும் படித் திருப்பத்தில் நின்றார். முந்தாநாள் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தபோதும் நின்றார். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். வகுப்பில் கற்ற புது அர்த்தம் காதை அடைத்துக்கொண்டிருந்ததால், பிறந்ததிலிருந்து தெரிந்த பழைய அர்த்தம் அவளுக்குள் நுழையவே இல்லை. அப்பா பயிற்சி செய்கிறார் என்றே அவள் நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் உற்சாகப்படுத்தினாள்.

பாயைச் சுருட்டாமலே எழுந்தாள்.

---

படியில் இறங்கிக்கொண்டே அப்பாவின் நம்பரை அழுத்தினாள். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் பிச்சமுத்து போனைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அருள்ராஜ்தான் எடுத்தான்.

"என்ன தங்கச்சி?"

"அருள் அண்ணே, அப்பா எங்க?"

"சீட்டுலதான். ஒரு போண்டா, ஒரு டீயை உள்ள தள்ளிட்டு உன் வைத்தியத்தை ஆரம்பிச்சுட்டாரு. புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஏற வந்த ஒரு பாட்டி, ரேடியேட்டர் ஓட்டையான்னு கேக்குது."

"நிறுத்தச் சொல்லுங்க. உடனே நிறுத்தச் சொல்லுங்க. வண்டியை எடுக்க வேணாம்னு சொல்லுங்க."

"என்னது? இங்க சத்தமா இருக்கு. பின்னாடி வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிட்டே இருக்கான்."

"வண்டியை எடுக்க வேணாம்."

"எடுத்தாச்சும்மா. உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க..." போன் அணைந்தது.

சத்திரத்திலிருந்து கிளம்பும் முசிறி வண்டி காவிரிப் பாலத்தைக் கடந்து திருவானைக்காவல் வழியாகத்தான் போக வேண்டும். அவள் ஸ்டாப்பை நோக்கி ஓடினாள். இருட்டிவிட்டிருந்தது. பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகிறவர்கள், திரும்புகிறவர்கள், டிபன் கடை வாசலில் தோசை வாசனை. எல்லாம் நேற்றுப் போலவே இருந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, காலையில டாக்டர்னு சொன்னியே. எதுக்கு? உண்மையைச் சொல்லு."

மாரியாயி கொஞ்சம் தயங்கினாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. ராத்திரியில அவரால மல்லாந்து படுக்க முடியலடி. படுத்தா மூச்சு முட்டுதாம். சுவத்துல சாஞ்சு உக்காந்தே கிடக்காரு. விடியறப்போதான் கொஞ்சம் கண்ணசர்றாரு."

"எத்தனை நாளா?"

"நாளா? பொங்கலுக்கு முன்னாலேருந்து."

இளவேனில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். படுக்க முடியாததால் தூக்கமில்லை. தூக்கமில்லாததால் ஸ்டீயரிங்கில் கண் மூடியது. கண் மூடியதற்கு அவள் ஒரு மருந்து கொடுத்தாள். எதனால் வந்தது என்று கேட்காமலே கொடுத்தாள்.

"வேனிலு? என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பஸ் வருது, வைக்கிறேன்."

பஸ் உண்மையிலேயே வந்தது. வழக்கமாக ஓரமாக வந்து நிற்கும் வண்டி இன்று ஸ்டாப்பைத் தாண்டிப் போய், குலுங்கி நின்றது. கூட்டம் பின்னால் ஓடியது. அவள் முன் படியில் ஏறினாள்.

---

"என்னம்மா இந்தப் பக்கம்?" பிச்சமுத்துவின் முகம் மலர்ந்தது. காக்கிச் சட்டையின் கழுத்துப்பட்டி நனைந்திருந்தது. வெளியே காவிரிக் காற்று குளிர்ச்சியாகவே அடித்துக்கொண்டிருந்தது.

"முசிறி வரைக்கும் வரேன்ப்பா."

"இந்நேரத்துலயா? அங்க யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்கல்ல."

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. டிரைவர் பக்கத்தில் இருந்த பானெட்டின் விளிம்பில் அவள் ஒட்டி உட்கார்ந்தாள். எஞ்சின் சூடு துணியைத் தாண்டிச் சுட்டது.

"அப்பா, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. ஊதறதை இதோட விட்டுடுங்க."

"எது தப்பு? நல்லாத்தானே இருக்கு."

"எறும்பு ஊர்றது நல்லது இல்லையாம். மயக்கத்துக்கு முன்னாடி வர்றதாம்."

"இத்தனை நாளா வராத மயக்கம் இன்னைக்குத்தான் வரப் போகுதா?" கியரை மாற்றினார். "உங்க மேடம் இன்னொரு நாள் இன்னொண்ணு சொல்லுவாங்க."

"காலையில படியில நின்னீங்களே. அது..." எந்த வார்த்தையைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "மேல ஏறினா உங்களுக்கு மூச்சு போதலையாப்பா?"

"அதைத்தானே தினமும் சொல்றேன். வாங்குதுன்னு."

அவள் அவருடைய நனைந்த கழுத்துப்பட்டியைப் பார்த்தாள்.

"நீதான் வாங்கட்டும்னியே," என்றார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். கோபமில்லை குரலில். "படிச்ச புள்ள, வகுப்புக்குப் போற புள்ள. தெரியாமயா சொல்லும்னு விட்டுட்டேன். உங்கம்மாகிட்டயும் அதான் சொன்னேன். டாக்டர் எதுக்கு, வேனிலுவே நல்லதுன்னுட்டாள்னு."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

கொள்ளிடம் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் இருட்டு, நடுவில் விளக்குகளின் மஞ்சள் வரிசை. பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கியிருந்தது, சிலர் தூங்கிவிட்டார்கள். பிச்சமுத்து ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து உதறினார். அப்புறம் இன்னொரு கையை. இமைகள் கனமாவதை அவள் பார்த்தாள்.

"புஸ்."

"அப்பா."

"நாலு ஊது ஊதினா சரியாயிடும்மா."

"அப்பா, வேணாம்."

"புஸ், புஸ், புஸ், புஸ்." தோள்கள் குதித்தன. வயிறு வெளியே தள்ளியது. அவள் எப்படித் தப்பாகச் செய்தாளோ அப்படியே, ஒரு பிசகில்லாமல் செய்தார். அவளிடமிருந்து கற்றது.

எதிரே லாரி வெளிச்சம் வந்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடியது, இன்னும் பக்கத்தில் ஓடியது. இளவேனில் அப்பாவின் முழங்கையைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினாள். அவர் விழித்துக்கொண்டவர் போல் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். லாரியின் ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டு பின்னால் போனது.

"டிரைவரே, நாங்கல்லாம் வீட்டுக்குப் போவணும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கொள்ளிடத்துல இப்போ குளிக்கற நேரமில்ல."

சிலர் சிரித்தார்கள். பிச்சமுத்துவின் உதடுகள் திறந்திருந்தன. அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பாலம் முடிந்து டோல்கேட் ஸ்டாப்பில் வண்டி நின்றதும் இளவேனில் எழுந்து நின்றாள்.  நான் சொல்வது சரியா, இன்னொரு தடவை யோசிக்கலாமா என்று வழக்கமான குரல் உள்ளே கேட்டது. அதை முடிக்க விடவில்லை.

"அருள் அண்ணே, வண்டி இதுக்கு மேல போக வேணாம். எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல. வேற டிரைவரை வரச் சொல்லுங்க."

பஸ் முழுக்கக் கேட்டது. 

"ஏம்மா, இதைச் சத்திரத்துலயே சொல்லக் கூடாதா?" என்றாள் வாழைத்தார்க் கூடையோடு இருந்த ஒருத்தி.

"முசிறியில எனக்கு அடுத்த வண்டி போயிடும்," என்றார் இன்னொருவர். "நல்லாத்தானே ஓட்டிக்கிட்டு வந்தாரு."

பிச்சமுத்து எஞ்சினை அணைத்தார். மகளைப் பார்த்தார். எந்த ஊர் டிக்கெட் என்று தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

"கீழ இறங்கு. பேசலாம்."

இருவரும் இறங்கினார்கள். அவர் பஸ்ஸின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தெரு விளக்கு வெளிச்சத்தில் உதட்டின் நிறம் மாறியிருந்ததா, வெளிச்சம்தான் அப்படியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டியே வேனிலு."

"வேற வழி தெரியலப்பா."

"எனக்கு இந்த சீட்டை விட்டா என்ன தெரியும்?"

"நீங்க இருந்தா போதும்ப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இப்பவே. இங்கேருந்தே ஆட்டோவுல போயிடலாம்."

அருள்ராஜ் படியிலிருந்து எட்டி போனை நீட்டினான். அவன் முகத்தில் கேலி இல்லை. "அண்ணே, ஓனர். வண்டி ஏன் நிக்குதுன்னு கேக்கறாரு."

பிச்சமுத்து வாங்கிக் காதில் வைத்தார். எதிர்ப்பக்கம் பேசியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க," என்றார். இன்னும் கேட்டார். "சரிங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டிருந்தது.

"நீ சொல்றதுதாம்மா சரி. மாத்து டிரைவர் வரச் சொல்லிட்டாரு."

"நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான். தொண்டை காயுது. அந்தக் கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா. அப்புறம் ஆட்டோ பிடிக்கலாம்."

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள் அந்த ஒரு வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். சாலையைக் கடந்து கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் ஐஸ் பெட்டிக்குள் குனிந்து, "கூலிங்கா, சாதாவா?" என்று கேட்டார்.

"சாதா. சீக்கிரம்ணே."

பாட்டில் கைக்கு வந்தபோது பின்னால் எஞ்சின் உறுமியது.

திரும்பினாள். டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டை தெரிந்தது. பஸ் மெதுவாகச் சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா."

குறுக்கே ஒரு டேங்கர் லாரி. அது விலகியபோது பஸ் வளைந்து முசிறி ரோட்டில் திரும்பியிருந்தது. பின் படியில் அருள்ராஜ் தொங்கிக்கொண்டு அவளையே பார்த்தான். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை. கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தவன், உள்ளே இழுக்கப்பட்டவன் போல் மறைந்தான். சிவப்பு விளக்குகள் இரண்டும் சின்னதாகிக்கொண்டே போயின.

போன் செய்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். இந்தத் தடவை மணிகூட அடிக்கவில்லை.

ஓரமாக நின்ற ஒரு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு, "எங்கம்மா?" என்றார்.

"முசிறி பஸ் ஒண்ணு இப்பதான் போச்சு. அதைப் பிடிக்கணும்."

"அதுக்கு எதுக்கும்மா ஆட்டோ? பின்னாடியே இன்னொண்ணு வருது பாரு. அதுல ஏறிக்க."

"ஏறுறதுக்கு இல்லண்ணே," என்றாள் இளவேனில். "நிறுத்துறதுக்கு."

அவர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.